பவுடர் டப்பாவும் படர்தாமரையும்

"…கொஞ்சறதெல்லாம் அப்பால வச்சிக்கலாம். மொதல்ல ரெண்டு கையையும் நீட்டு, பாக்கறேன்" என்றாள் கஸ்தூரி. இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

நீட்டினேன். ஐம்பது வயது தாண்டிய பிறகு இப்படிக் கையை நீட்டிக்கொண்டு நிற்பது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனால் கஸ்தூரியிடம் மறுத்துப் பேசி ஜெயித்தவர் யாரையும் எனக்குத் தெரியாது. மணிக்கட்டிலிருந்து முழங்கை மடிப்பு வரை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஜன்னல் பக்கம் இழுத்துக்கொண்டு போய் வெளிச்சத்தில் இன்னொரு முறை. பிறகு கழுத்து, காதுக்குப் பின்பக்கம். பால்கனியில் அட்டைப்பெட்டிக்குள் இருந்த பூனைக்குட்டி எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்தது. உள்ளங்கை அகலம்தான் இருக்கும். சாம்பல் நிறம், கறுப்புக் கோடு. கீழே பார்க்கிங்கில் யாருடையதோ காரின் முன்சக்கரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்ததை நான்தான் தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

"வட்டம் ஒண்ணும் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றினாள். நேராகச் சமையலறைக் குழாய்க்குப் போய், துணி சோப்பை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்த்தாள். குட்டியை இன்னும் தொடவே இல்லையே, அதற்குள் என்ன கழுவல் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் பார்வை அவள் முதுகில் பட்டிருக்க வேண்டும்.

"முன்னாடி கழுவுறது அதுக்கு. பின்னாடி கழுவுறது நமக்கு" என்றாள், திரும்பாமலே.

இந்த மாதிரி வாக்கியங்களுக்காகவே நான் சில பேரோடு சிநேகமாக இருக்கிறேன். படிப்பு எனக்குப் பத்தாவதோடு சரி. மிச்சத்தை எல்லாம் பஸ்ஸிலும் ரேஷன் கடையிலும் தையல் மெஷின் பக்கத்திலும் பிறர் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்டதுதான். பொறுக்கியதில் கணிசமான பகுதி கஸ்தூரியுடையது. அவள் இப்போது பெருங்குடியைத் தாண்டி, பெரும்பாக்கத்தில் ஏழாவது மாடியில் இருக்கிறாள். இரண்டு பஸ் மாறி, மாதம் ஒருமுறை மந்தைவெளிக்கு என்னைப் பார்க்க வருவாள். வந்தால் மத்தியானச் சாப்பாடு வரை பேச்சு.

ஈரக் கையும் சோப்பும் கலந்த அந்த வாசனை சமையலறையிலிருந்து வந்ததும், அதன் பின்னாலேயே இன்னொரு வாசனை வந்து நின்றது. ரோஜாப்பூ பவுடர், சூடான இஸ்திரிப் பெட்டி, புது சாட்டின் துணி. மூன்றும் சேர்ந்தால் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு முன்ஹால்.

சாந்தோமில், கடற்காற்று நேராக உள்ளே நுழையும் ஒரு சந்து. பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர் ஸ்டெல்லா டீச்சர். முன்ஹாலில் ஆறு மெஷின் போட்டு, ஆறு பெண்களை வைத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதில் ஒருத்தி நான், இன்னொருத்தி கஸ்தூரி. இரண்டு பேருக்கும் இருபது வயது நிறையவில்லை. பெரும்பாலும் வெள்ளைத் துணிதான். அந்தப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் பிள்ளைகள் முதன்முதலாகக் கோவிலில் நன்மை, அதாவது பூசையில் தரும் அப்பம், வாங்குகிற நாள் ஒன்று உண்டு. புதுநன்மை என்பார்கள். அதற்குப் பெண் பிள்ளைகள் குட்டி மணப்பெண் போல வெள்ளை சாட்டின் கவுன், வலை முக்காடு, கையுறை எல்லாம் போட்டுக்கொள்வார்கள். அந்த நாள் நெருங்க நெருங்க, டீச்சர் வீட்டில் பேச்சுக்கூட வெள்ளையாகிவிடும்.

வெள்ளை சாட்டினுக்கு வியர்வைக் கை ஆகாது. தொட்ட இடம் மஞ்சள் தட்டி நின்றுவிடும். கடற்கரைக் காற்றிலோ கை எப்போதும் பிசுபிசு. அதனால் டீச்சர் ஒரு சட்டம் வைத்திருந்தார். உள்ளே வந்ததும் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். வாசல் மேஜையில் இருக்கும் பெரிய வட்ட டப்பாவைத் திறந்து, அதற்குள் இருக்கும் பஞ்சுப் பஃப்பால் முழங்கை வரைக்கும் பவுடரை ஒற்றிக்கொள்ள வேண்டும். பிறகுதான் மெஷின். சாப்பிட்டு வந்தால் மறுபடியும். ஆறு பேர், டீச்சரோடு ஏழு. டப்பா ஒன்று, பஃப் ஒன்று. ஓரம் பிய்ந்த ரோஜா நிறப் பஃப். சுத்தத்துக்காகச் செய்கிற காரியத்தில் ஓட்டை இருக்கும் என்று யாருக்காவது தோன்றுமா? எங்களுக்குத் தோன்றவில்லை.

"வெள்ளைத் துணி யார் பக்கமும் பேசாதும்மா. பட்டதை அப்படியே சொல்லிடும்" என்பார் டீச்சர்.

கஸ்தூரி அடையாற்றின் ஓரத்துக் குடிசைகளிலிருந்து, ராஜா அண்ணாமலைபுரம் வழியாக நடந்தே வருவாள். ஒரு வருஷம் முழுக்கப் பட்டன் தைத்து, ஓரம் மடித்து, அதன் பிறகு கிடைத்த மெஷின் அவளுக்கு. அதில் உட்கார்ந்த முதல் நாள் என்னிடம் சொன்னாள்: "எங்க வூட்ல உக்காந்து செய்யற வேல மொதல்ல வந்தது எனக்குத்தான், தெரியுமா?" அவள் அம்மா வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறவர். அப்பா மீன் கூடை தூக்குகிறவர். அந்த மர ஸ்டூலில் அவள் உட்கார்ந்த விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கலெக்டர் நாற்காலி தோற்றுப்போகும்.

இந்த இடத்தில் நான் பூனையைக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. கொண்டுவந்ததும் நான்தான்.

வீட்டின் பின்பக்கம், குளியலறைக்குப் போகும் வழியில், வெட்டுத் துணியைக் கட்டி வைக்கும் மூட்டைகள் கிடக்கும். தாய் இல்லாத குட்டி ஒன்றை மதில் ஓரத்தில் பார்த்து, தாவணியில் சுற்றி, அந்த மூட்டைகளுக்கு நடுவில் வைத்தேன். டீச்சருக்குத் தெரியாது. வெள்ளைத் துணியில் ஒரு முடி ஒட்டினால்கூட அவர் பாதிரியாரைக் கூப்பிட்டுவிடுவார். கஸ்தூரிக்கு மட்டும் காட்டினேன்.

குட்டியை எடுத்தால் என்ன செய்யக் கூடாதோ, அதெல்லாம் வரிசையாகச் செய்தேன். முதலில் பசும்பால். மறுநாள் வயிற்றுப்போக்கு. அடுத்து, உண்ணி இருக்குமே என்று தரை துடைக்கிற ஃபினாயிலைத் தண்ணீரில் கலந்து குளிப்பாட்டினேன். பூனை தன் உடம்பைத் தானே நக்கிக்கொள்ளும் என்ற சின்ன விஷயம் நினைவில் இல்லை. நக்கியது, வாயில் நுரை தள்ளியது. கஸ்தூரிதான் ஓடிவந்து, வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி அலசி, துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னாமே, குட்டிய வளக்கறியா, கக்கூஸ் கழுவறியா?" என்றாள்.

குட்டி பிழைத்தது. அதன் காது ஓரத்தில் காசு அளவுக்கு முடி கொட்டியிருந்ததை இரண்டு பேருமே பார்த்தோம். மூட்டை உரசியிருக்கும் என்று முடிவு செய்தோம்.

பத்து நாள் கழித்து, கஸ்தூரியின் மணிக்கட்டுக்கு மேலே சிவப்பாக ஒரு வட்டம். அரிப்பு. பவுடர் போட்டால் கொஞ்சம் அடங்கும், அதனால் இன்னும் பவுடர். அவள் அம்மா பார்த்துவிட்டு அக்கி என்று சொல்லிவிட்டார். அக்கி கொப்புளமாக வரும், இது வட்டமாக வந்தது. ஆனால் சிவந்து அரித்தால் அந்தக் காலத்தில் எல்லாமே அக்கிதான். மந்தைவெளியில் பானை விற்கிற ஒரு அம்மா, செம்மண் காவியைக் குழைத்து இறகால் தடவி எழுதுவார். மூன்று நாள் தண்ணீர் படக்கூடாது. கஸ்தூரி எழுதிக்கொண்டாள். தண்ணீர் படக்கூடாது என்பதால் கையைக் கழுவாமல், காவியின் மேலேயே பவுடரை ஒற்றிக்கொண்டு, நீளக் கை ரவிக்கை போட்டு மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்துவிடுவாள் என்ற பயம்.

ரவிக்கைக் கை மேலே ஏறியிருக்கிறது. முக்கால்வாசி முடிந்த கவுனின் மார்பில், செங்கல் நிறத்தில் ஒரு தீற்றல்.

"சேசு மரி சூசையே! இது யார் கை?" டீச்சர் கவுனைத் தூக்கிப் பிடித்தார்.

"என் கைதான் டீச்சர். அக்கி எழுதிக்கினு வந்தேன்" என்று எழுந்து நின்றாள் கஸ்தூரி.

எங்களில் மூத்தவள் பிலோமி. வாய் சும்மா இருக்காது. "நான் அப்பவே சொன்னேன் டீச்சர். அந்த ஆத்தோரத் தண்ணியில குளிச்சா வேற என்ன வரும்?"

"ஆத்துத் தண்ணியில எவ குளிச்சா? எங்களுக்கு லாரித் தண்ணி. உங்க தெருவுக்கு வர்ற அதே லாரிதான், பிலோமிக்கா. அப்போ உங்களுக்கும் வரணுமே?"

யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் கெட்டவர் இல்லை; பயந்தவர். இருபத்துச் சொச்சம் கவுன் பாக்கி இருந்தது. பிள்ளைகள் உடம்பில் போடுகிற துணி. "கை ஆறட்டும்மா. அதுவரைக்கும் வர வேணாம்" என்றார். அதற்கும் மேலே, பிலோமியைப் பார்த்து, "உன் சித்தி பொண்ணு தைப்பான்னியே, திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார். அன்றைக்கு வியாழக்கிழமை.

கஸ்தூரி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். நான் ஏற்கனவே நூல் கோத்த ஊசியில் மறுபடி நூல் கோத்துக்கொண்டிருந்தேன்.

அவள் பூனை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டி ஸ்டூல் மேல் வைத்துவிட்டுப் போனாள். ஆறு மெஷினில் ஐந்து ஓடினால் சத்தம் எவ்வளவு வித்தியாசப்படும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை குளிக்கும்போது என் காறை எலும்புக்குக் கீழே கை பட்டது. வட்டம். நடுவில் வெளுத்து, ஓரத்தில் சிவந்து, வளையல் வைத்து வரைந்த மாதிரி. குட்டியைத் தாவணியில் சுற்றித் தூக்கி வந்த அதே இடம். நான் ஆற்றோரத்தில் இருக்கவில்லை. அக்கி எழுதிக்கொள்ளவும் இல்லை. எனக்கு அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். புரிந்தது என்பதுதான் உண்மை. புரிந்தும் தாவணியை இழுத்து மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

சனிக்கிழமை அரிப்புத் தாங்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போய் வரிசையில் உட்கார்ந்தேன். இளம்வயதுப் பெண் டாக்டர். ஒரு பார்வைதான். "படர்தாமரை. வீட்டுல பூனைக்குட்டி ஏதாவது எடுத்து வச்சிருக்கீங்களா?"

ஜோசியக்காரியைப் பார்ப்பது போல் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார். இது ஒரு பூஞ்சை. தெருக்குட்டிகளிடம் சகஜம். சிலதுக்குக் காதிலும் முகத்திலும் முடி கொட்டும். சிலதில் வெளியே ஒன்றுமே தெரியாது. அதனால் குட்டியை எடுத்தால் முதலில் மிருக டாக்டரிடம் காட்ட வேண்டும். அவர் சரி என்று சொல்லும் வரைக்கும் தனி அறை, தனித் துணி. தொடுவதற்கு முன்னாலும் பின்னாலும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். துண்டு, சீப்பு, தலையணை எதையும் இன்னொருவரோடு பகிரக்கூடாது. எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். களிம்பை வட்டம் மறைந்த பிறகும் சொன்ன நாள் வரைக்கும் தடவ வேண்டும். பிராண்டினால், கடித்தால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசிக்கு வர வேண்டும். நாய்க்கு மட்டும்தான் ஊசி என்று நினைத்துக்கொண்டு வீட்டில் இருக்கக்கூடாது.

"அப்ப குட்டியைத் தூக்கிப் போட்டுடணுமா டாக்டர்?"

"எதுக்கு? அதுக்கும் மருந்து இருக்கு. நீங்க மறைக்கறீங்க பாருங்க, அதுக்குத்தான் மருந்து இல்லை."

என் தாவணியைப் பார்த்துத்தான் சொன்னார். எனக்கு வேறெங்கோ பட்டது.

அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போனேன் என்று எழுத ஆசைதான். போகவில்லை. மயிலாப்பூரில் இறங்கி, குளத்தை ஒரு சுற்றுச் சுற்றினேன். ஒரு ரோஸ் மில்க் குடித்தேன். வளையல் கடையில் வேண்டாத வளையலை விலை கேட்டேன். பிறகுதான் சாந்தோம் பஸ் ஏறினேன்.

டீச்சர் தனியாக உட்கார்ந்து பட்டன்களை எண்ணிப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். மூட்டை, குட்டி, ஃபினாயில், தாவணி, டாக்டர் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். "கஸ்தூரிக்கு என்னாலதான் டீச்சர். ஆத்தால இல்ல."

திட்டுவார் என்று நின்றேன். அந்தப் புழுக்கத்திலும் அவர் முழுக்கை ரவிக்கை போட்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். மணிக்கட்டுப் பட்டனைக் கழற்றினார். கையை மேலே சுருட்டினார். மூன்று வட்டம், வரிசையாக.

"சர்க்கரை வந்துடுச்சு போலன்னு நெனச்சேன். யார்கிட்டயும் சொல்லல" என்றார், சின்னக் குரலில்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வாசல் மேஜையைப் பார்த்தோம். டீச்சர் எழுந்து போய் டப்பாவைத் திறந்து, செத்த எலியைத் தூக்குவது போல இரண்டு விரலால் பஃப்பைத் தூக்கினார். பின்பக்கம் கொண்டுபோய் நெருப்பு வைத்தார். ரோஜாப்பூ வாசனையோடு எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கோவிலுக்குக் கட்டிய சேலையோடே, குடையைப் பிடித்துக்கொண்டு, ஆற்றோரத்துக்கு நடந்தார். நான் பின்னால். கஸ்தூரி வாசலில் உட்கார்ந்து மீன் செதிள் உரித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வந்துடும்மா. உன் மெஷின் காலியாத்தான் இருக்கு. பிலோமிகிட்ட வேணாம்னு சொல்லிட்டேன்."

"கை இன்னும் ஆறல டீச்சர்."

"எனக்கும்தான் ஆறல" என்று டீச்சர் தன் கையைக் காட்டினார். "பிலோமிக்கு வாட்ச் பட்டைக்குக் கீழ ரெண்டு இருக்கு. எல்லாரும் களிம்பு தடவிக்கிட்டு, கட்டுப் போட்டுக்கிட்டு உக்காரலாம்."

கஸ்தூரி முதலில் டீச்சர் கையைப் பார்த்தாள். பிறகு வாட்ச் பட்டை என்ற வார்த்தை உள்ளே போய்ச் சேர்ந்ததும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு அப்படி ஒரு சிரிப்பு. "பிலோமிக்காவுக்கா? லாரி வந்துட்ச்சா அவங்க தெருவுக்கு?"

"பூனைன்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் டீச்சர்.

"சந்தேகம் இருந்திச்சிதான் டீச்சர். சொன்னா ரெண்டு பேர் போவோம். சொல்லாட்டி நான் ஒருத்தி" என்றாள் அவள், சாதாரணமாக, மீன் விலை சொல்வது போல.

நான் அந்த வீட்டுத் தகரக் கதவில் இருந்த ஆணிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். பதினாறு.

பிறகு எல்லாம் முறைப்படி நடந்தது. குட்டியை ஒயர் கூடையில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, பஸ்ஸில் மிருக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண்டக்டர் "கூடைல என்னம்மா கத்துது?" என்றார். "எங்க முதலாளி" என்றாள் கஸ்தூரி. பூச்சி மருந்து, களிம்பு, வளர்ந்ததும் தடுப்பூசி. குணமானதும் கஸ்தூரியே வீட்டுக்கு எடுத்துப் போனாள். பஃப் என்று பெயர் வைத்தாள். டீச்சர் வீட்டில் ஆளுக்கொரு துணிப் பை, ஆளுக்கொரு பஞ்சு, பையின் மேல் சங்கிலித் தையலில் அவரவர் பெயர். கவுன்கள் சொன்ன நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

அந்தச் சந்தில் இப்போது டீச்சர் வீடு இல்லை. நான்கு மாடிக் கட்டடம் நிற்கிறது. புதுநன்மைக் கவுனைத் தி.நகரில் ரெடிமேடாக வாங்கிவிடுகிறார்கள், பிளாஸ்டிக் உறையோடு. காவி எழுதிய அம்மாவின் பானைக்கடை இருந்த இடம் செல்போன் கடை. ஆற்றோரத்து வீடுகளை எடுத்து, இருந்தவர்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பிவிட்டு வேலி போட்டிருக்கிறார்கள். பூனை பஃப் அதற்கு முன்பே வயதாகிச் செத்துப்போயிருந்தது. "அதுவும் நல்லதுதான். லாரில சாமான் ஏத்தறப்ப அத்த எங்கன்னு தேடுவேன்?" என்பாள் கஸ்தூரி. ஒருவர் கையை இன்னொருவர் உரிமையோடு இழுத்துப் பார்க்கிற பழக்கமும் போய்விட்டது. நான் இருக்கும் இந்தக் கட்டடத்தில் என் கையைத் திருப்பிப் பார்க்க வேறு யாரும் இல்லை.

கஸ்தூரி கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள். பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, குட்டியின் காது மடலை விரித்துப் பார்த்தாள். கண், வால் பக்கம், வயிறு.

"எத்தினி நாளாச்சு?"

"அஞ்சு நாள்."

"டாக்டராண்ட காட்டினியா?"

"இல்ல." அத்தோடு நிறுத்தியிருக்கலாம். அவளுக்குப் போட்ட காபி வேறு ஆறிக்கொண்டிருந்தது. "இன்னிக்குக் காலைல கால்ல பிராண்டிடுச்சு" என்று புடவையை இரண்டு விரல் உயர்த்திக் கணுக்காலைக் காட்டினேன்.

"கழுவினியா?"

"கால்மணி நேரம். சோப்புப் போட்டு."

"ஊசி?"

புடவையைக் கீழே இழுத்துவிட்டேன்.

"பிராண்டினத வூட்ல சொன்னியா?"

"சொன்னா குட்டியைக் கீழ விட்டுட்டு வான்னுவாங்க, கஸ்தூரி."

அவள் திட்டவில்லை. காபியைத் தொடவில்லை. செருப்பை மாட்டினாள். பெட்டியின் மூடியை மடித்து, காற்றுக்கு இடம் விட்டு, இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். நான் சாவியைத் தேடி எடுத்துக் கதவைப் பூட்டிக்கொண்டு கீழே ஓடி வருவதற்குள், கேட்டைத் தாண்டியிருந்தாள். இரண்டு கையும் பெட்டியில் இருந்ததால், ஒரு காலை ரோட்டில் நீட்டி ஆட்டோவை நிறுத்தினாள்.